வீட்டுத் தோட்டத்துக்குப் பன்னீர் ரோஜா போதும்

‘நர்சரியில் வாங்கும்போது கை அகலப் பூ. ஒரே வருடத்தில் முள்ளும் இலையும்தான் மிச்சம். என்ன உரம் வைக்கலாம்?’ என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

உரத்தால் தீராத சங்கதி. செடியின் அடியைப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே கிளம்பிய துளிர் செழித்து நிற்கும். அது வேர்ச்செடியின் துளிர். அதை விட்டுவைத்தால், மேலே இருக்கும் ரகம் மெலிந்து காய்ந்துவிடும். மண்ணை விலக்கி, துளிர் புறப்படும் இடத்திலேயே பிய்த்து எடுக்க வேண்டும். மேலோடு நறுக்கினால் மீண்டும் வரும்.

இப்படிக் கூடவே இருந்து பார்க்க நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது பன்னீர் ரோஜாதான். எட்வர்ட் ரோஜா என்றாலும் இதுவே. ரீயூனியன் தீவில் வேலியாக நட்டிருந்த இரண்டு ரோஜாக்கள் தானாகக் கலந்து உண்டான ரகம் என்பார்கள். வேலியில் பிறந்ததாலோ என்னவோ, நம் வெயிலுக்கு அசருவதில்லை. குச்சி நட்டு வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள். சொந்த வேர் என்பதால், அடியில் எந்தத் துளிர் வந்தாலும் அதே பூதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பறித்த பூ மாலைக்குள் உதிரும். ஜாடியில் வைக்க உதவாது. முள்ளும் அதிகம். நடைபாதையை ஒட்டி நடாதீர்கள்.

ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில், ஒன்றரை அடிக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். வேர் பிடிக்கும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் களையும் குறையும். சாயங்காலம் இலைமேல் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கரும்புள்ளி நோய் அதில்தான் பரவுகிறது.

கவாத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள், முந்தைய பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். காய்ந்தவை, நோஞ்சான் கிளைகள், குறுக்கே ஓடுபவை எல்லாம் அடியோடு போகட்டும். வெட்டிய முனையில் போர்டோ பசை தடவாவிட்டால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை தொழு உரம் வையுங்கள்.

வெட்டியதில் பென்சில் கனக் குச்சிகளை எடுத்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி நறுக்கி, நிழலில் மணல் கலந்த மண்ணில் ஊன்றிவையுங்கள். மழைக்கால ஈரத்திலேயே வேர்விடும்.