அனுப்பியவரைக் கவனிக்கும் பெட்டி

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஹப் என்ற பெட்டி, ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லா போர்ட்டுகளிலும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடும். அதன் இடத்தைப் பிடித்த சுவிட்ச், உரிய போர்ட்டில் மட்டும் கொடுக்கும். இத்தனைக்கும் எந்தக் கணினி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று அதற்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மின்சாரம் வந்த நொடியில் அதன் அட்டவணை வெறுமையாகத்தான் இருக்கும்.

ஈதர்நெட் கம்பியில் தரவு ஃபிரேம் ஃபிரேமாகப் போகிறது. ஒவ்வொன்றின் முகப்பிலும் முதல் 6 பைட், பெற வேண்டிய கணினியின் மேக் முகவரி. அடுத்த 6 பைட், அனுப்பிய கணினியின் மேக் முகவரி. எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்க முதல் முகவரி போதும். சுவிட்ச் பாடம் படிப்பதோ இரண்டாவதிடம். 3-ஆம் போர்ட் வழியாக ஒரு ஃபிரேம் வந்தால், அனுப்பிய முகவரி அந்தப் பக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு எது வந்தாலும் 3-ஆம் போர்ட்டுக்கு மட்டுமே போகும்.

தேடும் முகவரி அட்டவணையில் இல்லாவிட்டால்? வந்த போர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் அனுப்பிவிடும். உரிய கணினி பதில் அனுப்புமல்லவா, அந்தப் பதிலிலேயே அதன் இருப்பிடம் பிடிபட்டுவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது சுவிட்சின் மறதி. ஒரு முகவரியிலிருந்து 300 நொடிகள் எதுவும் வராவிட்டால் பெரும்பாலான சுவிட்சுகள் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அணைந்துபோன கணினியின் பழைய குறிப்பு தங்கி நின்று வழிகெடுக்காது.

அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் 1980களில் மார்க் கெம்ப் உருவாக்கிய பிரிட்ஜ் என்ற முன்னோடிப் பெட்டி இப்படித்தான் கற்றது. 1990-இல் வினோத் பரத்வாஜின் கல்பனா நிறுவனம் அதை 7 போர்ட் கொண்ட ஈதர்சுவிட்சாக வளர்த்தது. முழு ஃபிரேமும் வந்து சேரக் காத்திராமல், பெறுநர் முகவரியைப் படித்ததுமே அது அனுப்பத் தொடங்கிவிடும்.

ஆபத்தும் எல்லா போர்ட்டுகளிலும் அனுப்பிவிடும் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கம்பி அறுந்தால் இன்னொன்று உதவும் என்று இரண்டு சுவிட்சுகளுக்கிடையே இரண்டு கம்பிகளைப் போட்டுவிட்டால், எல்லோருக்குமான ஒரே ஒரு ஃபிரேம் அந்த வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். இத்தனை தாவலுக்குப் பின் மடிந்துவிடு என்று சொல்லும் எண் ஈதர்நெட் ஃபிரேமில் கிடையாது. பாதைகள் கூடினால் நகல்களும் பெருகும். ஒரே முகவரி இந்த போர்ட்டிலும் அந்த போர்ட்டிலும் மாறி மாறித் தென்பட, அட்டவணையே குழம்பிப்போகும்.

1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக ஏற்கும். வளையத்தை உண்டாக்கும் இணைப்புகளைத் தாங்களாகவே முடக்கிவைக்கும். ஓடும் கம்பி அறுந்தால் முடங்கியது உயிர்பெறும். ஸ்பேனிங் ட்ரீ என்று இதற்குப் பெயர்.

அதற்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் போஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், மிதமிஞ்சி வளர்ந்த வலையமைப்பு அந்த எல்லையைத் தாண்டியது. மருத்துவர்கள் நாள்கணக்கில் காகிதத்தில் எழுதி வேலைபார்த்தார்கள். வலையமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, நடுவே ரூட்டர்களை வைத்துத்தான் சரிசெய்தார்கள். ரூட்டர் மேக் முகவரியை வைத்து வழி தேடுவதில்லை. அதன் கணக்கு வேறு.