கரிசல் வெயிலில் ஒரு சினிமாக் கொட்டகை

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் என விரிந்து கிடக்கும் கரிசல் பூமியில் வெயிலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானத்தை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் தீப்பெட்டி ஆபீசே பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்திருக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்த சிறுவர்களுக்கு ஒரு காலத்தில் நிழலும் கனவும் ஒருசேரக் கிடைத்த இடம் ஒன்று உண்டு. அதுவே சினிமாக் கொட்டகை. பள்ளிக்குப் போகாமல் அங்கே ஒளிந்த பிள்ளைகளையும், அவர்களைத் தேடிக் கையில் பிரம்போடு சென்ற தந்தையரையும் நம் ஊர்ப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள்.

அத்தகைய பிள்ளை ஒருவனுடைய கதையைத் திரைப்படமாக்கினார், விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன். அவர் எழுதி இயக்கிய 'வெயில்' 2006 டிசம்பரில் வெளிவந்தது. அவர் இயக்குநர் ஷங்கரிடம் உதவியாளராய்ப் பணியாற்றியவர். 2002-இல் வெளிவந்த அவருடைய முதல் படமான 'ஆல்பம்' வணிக வெற்றி பெறவில்லை. தோல்வி கண்ட இயக்குநருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிட்டுவது திரையுலகில் அரிது. அவருக்கோ அவருடைய ஆசானே தயாரிப்பாளராய் முன்வந்தார். கிடைத்த வாய்ப்பைக் கொண்டு வசந்தபாலன் வேறெங்கும் போகவில்லை. தாம் பிறந்து வளர்ந்த வெயிலுக்கே திரும்பினார். எதிர்மறைப் பாத்திரங்களால் அறியப்பட்டிருந்த பசுபதியை மூத்த மகன் முருகேசனாகவும், 'காதல்' படத்தால் பெயர் பெற்ற பரத்தைத் தம்பி கதிராகவும் நடிக்கவைத்தார். இசையமைத்தவர் பத்தொன்பதே வயதான ஜி.வி. பிரகாஷ்குமார்; அதுவே அவருடைய முதல் படம்.

கதை எளியது. எம்.ஜி.ஆர். படம் என்றால் உயிரையே விடும் சிறுவன் முருகேசன், பள்ளிக்குச் செல்லாமல் கொட்டகையில் அமர்ந்திருக்கும்போது தந்தையிடம் அகப்படுகிறான். கறிக்கடை நடத்தும் அத்தந்தையின் பாத்திரத்தில் ஜி.எம். குமார் நடித்திருக்கிறார். அவர் மகனை ஆடையின்றிக் கட்டிப்போட்டுக் கொளுத்தும் வெயிலில் வாட விடுகிறார். உடலின் காந்தலைவிட, ஊரார் பார்த்த அவமானமே சிறுவனைச் சுடுகிறது. வீட்டிலுள்ள பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போகிறான். வழியில் பொருளையும் பறிகொடுத்து, முன்பின் அறியாத ஓர் ஊரின் சினிமாக் கொட்டகையில் தஞ்சம் புகுகிறான்.

அந்தக் கொட்டகையின் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. திருச்சியில் ரயில்வே ஊழியராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராய்ச் சென்றார். அவர் காட்டிய துண்டுப் படங்களுள் இயேசு பெருமானின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் மௌனப் படமும் இருந்தது. அன்று தொடங்கிய அந்தப் பயணம் பிற்காலத்தில் டூரிங் டாக்கீசாகி, கரிசல் காட்டுச் சிற்றூர்களையும் எட்டியது. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து ஆசனமாக்கி அமர்ந்தார்கள். பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான்; ஆதலால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் கடலை மிட்டாயும் விற்பவர்களுக்கு அதுவே அறுவடை நேரம்.

ஆபரேட்டர் என அழைக்கப்பட்டவருடைய வேலையோ மிகக் கடினம். இரண்டு கரிக்குச்சிகளுக்கிடையே எரியும் ஒளியை அணையாமல் காக்க வேண்டும். அந்த வெக்கையில் நின்றுகொண்டே, வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும் சுருள் அறுந்தால் நொடியில் ஒட்ட வேண்டும். மக்கள் எல்லாரும் திரையை நோக்கியிருக்க, அவர்களுக்குப் பின்னால் இருளில் நின்று உழைப்பவர் அவர். முருகேசன் அவரிடம் எடுபிடியாய்ச் சேர்ந்து, தொழில் கற்று, பின்னர் தானே ஆபரேட்டர் ஆகிறான். வெயிலில் எரிந்த பிள்ளைக்கு மற்றொரு நெருப்பே பிழைப்பாகிறது.

அங்கேதான் அவனுடைய காதலும் மலர்கிறது. கொட்டகைக்கு எதிர்வீட்டில் வாழும் தங்கம் என்னும் பெண்ணாகப் பிரியங்கா நடித்திருக்கிறார். பார்வையும் புன்னகையும் வளர்க்கும் இளம் நேசம் அது. திரையில் ஆயிரம் காதலர்களை வாழவைத்தவனுக்குத் தன் சொந்தக் காதலை வாழவைக்க இயலவில்லை. பெண்வீட்டார் அறிகின்றனர், அவனை அடித்து மொட்டையடித்து அவமானப்படுத்துகின்றனர், அவள் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறாள். சிறுவயதில் தந்தை செய்ததை இப்பொழுது ஊர் செய்கிறது. பின்னர்க் கொட்டகையும் மூடப்படுகிறது. படங்களில் தீமை தோற்று நன்மை வெல்வதையே கண்டு வளர்ந்த முருகேசனுக்கு, வாழ்வு அந்த முடிவைத் தர மறுக்கிறது.

இதனைக் காணும்போது, ஜுசெப்பே தொர்னத்தோரே இயக்கி 1988-இல் வெளிவந்த இத்தாலியப் படமான 'சினிமா பாரடிசோ' நினைவிற்கு வருவது இயல்பே. அதுவும் சிசிலித் தீவின் ஓர் ஏழை ஊரிலே நிகழ்வது. கொட்டகைமீது பித்துக்கொண்ட சிறுவனும் ஆபரேட்டரும் நிறைவேறாத காதலும் அதிலும் உண்டு. அவ்வூர்ப் பங்குக்குரு படத்தை முன்னதாகவே பார்த்து, முத்தக் காட்சி வரும்போதெல்லாம் மணியடித்து வெட்டச் சொல்வார்! அவரைக் கண்டு நம்மைப் போன்ற குருக்களும் சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் இரு படங்களுக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அச்சிறுவனுக்கு ஆல்ஃபிரெதோ என்னும் முதிய ஆபரேட்டர் தந்தையாகி, அவனைப் பெரிய உலகத்துக்கு அனுப்பி வைக்கிறார். அவன் புகழ்பெற்ற இயக்குநராகத் திரும்புகிறான். முருகேசனோ இருபது ஆண்டுகளுக்குப் பின் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான்.

அவ்வாறு திரும்பும் காட்சியே நமக்கு மிக முக்கியமானது. லூக்கா நற்செய்தியின் தந்தை, தூரத்திலேயே மகனைக் கண்டு ஓடிச் சென்று கட்டித் தழுவுகிறார். இங்கோ தாயும் தம்பியும் ஏற்றுக்கொள்கின்றனர். தந்தையின் உள்ளம் இறுகியே இருக்கிறது. உவமையில் மூத்த மகன் வாசலில் நின்று முணுமுணுத்தான். இங்கே தந்தையே அந்த இடத்தில் நிற்கிறார். அவர் கொடியவர் அல்லர். பிள்ளை கெட்டுப்போகக் கூடாதென்று விரும்பியவர்தாம். கண்டிப்பு அன்பிலிருந்து தொடங்கியது, அவமானத்தில் முடிந்தது. இறுதியில் தம்பியைக் காக்கத் தன் உயிரையே முருகேசன் கொடுக்கும்போது, உதவாக்கரை என ஒதுக்கப்பட்ட பிள்ளை யாரென்று வீடு அறிகிறது. ஆனால் காலம் கடந்துவிட்டது.

இப்படம் 2006-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது; 2007-இல் பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிலும் திரையிடப்பட்டது. இரத்தம் சிந்தும் காட்சிகள் சில இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

கரிக்குச்சியும் ரீல் பெட்டியும் இன்று மறைந்துவிட்டன. டூரிங் டாக்கீஸ் நின்ற இடங்களில் வீடுகளும் கல்யாண மண்டபங்களும் எழுந்துவிட்டன. கொட்டகை இப்பொழுது பிள்ளையின் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. தேடிச் சென்று பிடிக்க வேண்டிய தூரம்கூட இல்லை. ஆயினும் பெற்றோரின் கோபம் பழைய கோபமே. சாதனத்தைப் பிடுங்கி எறிவதும், உறவினர் முன்னிலையில் ஏசுவதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் இக்காலத்து வெயில்கள் அல்லவா?

அன்பார்ந்த பெற்றோரே, கண்டிக்க வேண்டியது உங்கள் கடமை. அதை யாரும் மறுக்கவில்லை. தனியே அழைத்துக் கண்டியுங்கள். காரணத்தைச் சொல்லிக் கண்டியுங்கள். அன்றிரவே பக்கத்தில் அமர்த்திச் சோறு போடுங்கள். அவன் விரும்பும் படத்தை ஒரு நாள் அவனோடு சேர்ந்து பார்த்து, அதில் அவனுக்குப் பிடித்தது என்னவென்று கேளுங்கள். முருகேசனின் தந்தை அவனிடம் ஒருபோதும் கேட்காத கேள்வி அது. கரிசல் மண்ணில் வெயிலுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் ஒதுங்குவதற்கு வீட்டில் கொஞ்சம் நிழல் இருக்கட்டும்.