நடுத்தர விலையில் நல்ல தூண்டிற்கோல்

மலைநாட்டுத் தோட்டங்களிலே கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ஓய்வெடுக்கும் நாள் ஞாயிறு. அந்நாளில் அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கோ நோர்வூட்டுக்கோ பேருந்தில் செல்வோர், காசல்றி, மவுசாக்கலை ஆகிய நீர்த்தேக்கங்களின் கரையோரங்களிலே இளைஞர்கள் சிலர் தூண்டிலும் கையுமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். சிலர் கையில் மூங்கிற் கழி. சிலர் கையில் கடையில் மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிநார்க் கோல். ஓரிருவர் கையிலே மெல்லியதாய், கருநிறமாய், பளபளக்கும் காபன் கோல். இந்த மூன்றாவது கோலைக் கண்டதும் மற்றவர் மனத்தில் ஆசை துளிர்ப்பது இயல்பே.

முதலில் வாங்கிய மலிவான கோல் ஓரிரு வருடம் உழைத்துவிட்டது. கையிலே சிறிது பணமும் சேர்ந்திருக்கிறது. அடுத்த படியாக எதை வாங்குவது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சேமித்த பணம் எளிதில் வந்த பணமன்று. ஆகவே விடையும் ஆராய்ந்து காண வேண்டியதாகும்.

துரைமார் விளையாட்டிலிருந்து நம்மவர் கைக்கு

தூண்டிற்கோல் இம்மலைகளுக்கு வந்த வரலாறு சுவையானது. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளைக் கண்ட ஆங்கிலத் தோட்டத் துரைமார், தம் தாய்நாட்டு ட்ரவுட் மீனை இங்கே வளர்க்க விரும்பினர். 1882ஆம் ஆண்டில் பழுப்பு ட்ரவுட் மீனினம் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் வானவில் ட்ரவுட்டும் வந்து சேர்ந்தது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. ஓடைகளில் மீன்குஞ்சு விடுவதும், விதிமுறை வகுப்பதும் அக்கழகத்தின் பணிகளாயின. அந்நாளில் றீல் பூட்டிய கோல் என்பது துரைமாரின் கைக்குரிய பொருளாகவே இருந்தது. லயக்காம்பராவில் வாழ்ந்தவருக்கு ஒரு கழியும் ஒரு முழ நூலுமே தூண்டில்.

காலம் மாறிற்று, நீரும் மாறிற்று. கெகல்கமு ஓயாவை மறித்து எழுந்த காசல்றி அணை 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்து எழுந்த மவுசாக்கலை அணை 1969இலும் நிறைவுற்றன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அப்பழைய நகரத்தின் வழிபாட்டிடங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. ஓடை மீனாகிய ட்ரவுட்டுக்குப் பதிலாக, பெருநீரிலே வாழும் கெண்டையினத்துக் காப்பும் திலாப்பியாவும் இந்நீர்களில் பெருகின. காப்பு மீன் 1915ஆம் ஆண்டளவிலும், திலாப்பியா 1950களின் தொடக்கத்திலும் இந்நாட்டுக்கு வந்தவை. துரைமாரின் ட்ரவுட் விளையாட்டுக்குரிய மீன். இவையோ நமது கறிச்சட்டிக்கும் உரிய மீன்கள். கோலைத் தெரிவு செய்கையில் இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

பாஸ் என்பது யாருடைய மீன்?

கொழும்பிலோ கண்டியிலோ கடைக்குச் சென்று நடுத்தர விலைக் கோல் கேட்டால், கடைக்காரர் எடுத்துக்காட்டும் கோல்களுட் பல ‘பாஸ்’ மீனுக்கென அமைந்தவையாகவே இருக்கும். பாஸ் எனப்படும் பெருவாய் மீன் வட அமெரிக்காவின் ஏரிகளுக்குரியது. தாமரையிலைக்கும் நீர்க்களைக்கும் இடையே பதுங்கியிருந்து, இரையைப் பாய்ந்து கௌவும் இயல்புடையது. அதனைப் பிடிப்போர் மண்புழுவை மிதக்கவிட்டுக் காத்திருப்பதில்லை. மரத்தாலோ இறப்பராலோ செய்த போலி இரையை நாள் முழுதும் எறிந்து எறிந்து இழுப்பர். அதற்கேற்ப அவர்களது கோல் ஆறரை முதல் ஏழு அடி நீளமும், நடுத்தர வலுவும், நுனி மட்டுமே வளையும் விறைப்பும் கொண்டது.

அந்த மீன் நமது நீர்த்தேக்கங்களில் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஆசியக் கடற் பாஸ்’ என்று பெயர் பெற்ற நமது கொடுவா, நீர்கொழும்பு, மட்டக்களப்புக் களப்புகளிலே வாழ்வது. போலி இரையைப் பாய்ந்து பிடிக்கும் விராலோ தாழ்நிலக் குளங்களுக்குரியது. மலைநாட்டிலே நாம் பிடிப்பன காப்பும் திலாப்பியாவுமே. அவற்றுக்கு நாம் இடும் இரை மண்புழு, பாண் துண்டு, மா உருண்டை.

இங்கேதான் சங்கடம் பிறக்கிறது. விறைத்த பாஸ் கோலினால் மா உருண்டையைச் சுண்டி எறிந்தால், உருண்டை ஒரு திசையிலும் தூண்டில்முள் ஒரு திசையிலும் பறந்துவிடும். ‘விலை கொடுத்து வாங்கிய கோலைவிடப் பழைய மூங்கிற் கழியே மேல்’ என்று வாங்கியவர் சலித்துக்கொள்வார். குற்றம் கோலினுடையதன்று. வேறொரு நாட்டின் வேறொரு மீனுக்கு வகுத்த கோலை நாம் நமது மீனுக்கு எடுத்துச் சென்றதே குற்றம்.

கோலின் மேல் எழுதியிருப்பது என்ன?

ஒவ்வொரு கோலின் அடிப்பாகத்திலும் சில சொற்களும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரரின் வாய்ச்சாலகம் ஏமாற்றாது.

முதலாவது வலு. லைட், மீடியம், ஹெவி என்னும் சொற்கள் இதனைக் குறிப்பன. கோலை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதே இதன் பொருள். 

இரண்டாவது வளைவு. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும். மொடரேட் என்றால் நடுவரை வளையும். ஸ்லோ என்றால் கைப்பிடி வரை வளையும். வலுவையும் வளைவையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். அவை வெவ்வேறானவை. வலு மிகுந்த கோல் மெல்ல வளைவதும் உண்டு. வலுக் குறைந்த கோல் நுனியில் மட்டும் வளைவதும் உண்டு. 

மூன்றாவது எறிநிறை. இத்தனை கிராம் முதல் இத்தனை கிராம் வரை எறியலாம் என்னும் குறிப்பு அது. பாஸ் கோல்களில் இது பெரும்பாலும் 7 முதல் 18 கிராம் வரை இருக்கும். நமது தக்கையும் முள்ளும் இரையும் சேர்ந்து ஐந்தாறு கிராமே நிறுக்குமாயின், அக்கோல் வளையவும் மாட்டாது. இரையைத் தொலைவுக்கு எறியவும் மாட்டாது. 

நான்காவது நூலின் வலு. எத்தனை இறாத்தல் தாங்கும் தங்கூசி நூல் அக்கோலுக்குப் பொருந்தும் என்பதை அது காட்டும்.

இவற்றைக் கொண்டு பார்க்குமிடத்து, காசல்றி, மவுசாக்கலைக் கரைகளில் அமர்ந்து இரையிட்டுப் பிடிப்பவருக்கு ஏழு முதல் ஒன்பது அடி நீளமும், மீடியம் லைட் அல்லது மீடியம் வலுவும், மொடரேட் வளைவும் உடைய கோலே உகந்தது. நீளம் இருந்தால் கரையோரச் சேற்றையும் புதரையும் தாண்டி நூல் விழும். நடுவரை வளையும் கோல், பெரிய காப்பு மீன் திமிறி ஓடும்போது தானும் இசைந்து வளைந்து, முள் வாயைக் கிழித்துக் கழன்றுபோகாமலும் நூல் அறாமலும் காக்கும். விடுமுறையில் வவுனியாவுக்கோ மட்டக்களப்புக்கோ சென்று விராலும் கொடுவாவும் பிடிக்க எண்ணுபவர் மட்டும் பாஸ் கோலைத் தாராளமாக வாங்கலாம். அவருக்கு அது பொருத்தமானதே.

விலை கூடும்போது எது கூடுகிறது?

முற்காலத்தில் சிறந்த கோல்கள் சீனத்து மூங்கிலைப் பிளந்து, ஆறு பட்டைகளாகச் சீவி, மீண்டும் ஒட்டிச் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடிநார்க் கோல் வந்தது. 1950இல் அமெரிக்கா சீனாவுடன் வாணிபத்தைத் தடைசெய்தபோது மூங்கில் அருகி, கண்ணாடிநார் எங்கும் பரவிற்று. 1973இல் காபன் கோல் விற்பனைக்கு வந்தது. கண்ணாடிநார் பாரமானது, ஆயினும் அடிபட்டாலும் எளிதில் உடையாது. காபன் இலேசானது, மீன் இரையை முகர்ந்தாலும் கைக்குத் தெரியும். ஆனால் கல்லிலே மோதினால் கண்ணுக்குப் புலப்படாத கீறல் விழுந்து, பின்னொருநாள் திடீரென முறியும்.

நடுத்தர விலைக் கோல்களுட் பல காபனும் கண்ணாடிநாரும் கலந்தவை. கரடுமுரடான கரைகளில் உழலும் நமக்கு அக்கலப்பு நல்லதே. ‘இத்தனை தொன் காபன்’ என்று விளம்பரம் செய்யப்படும் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். அது கோலின் விறைப்பைக் குறிப்பதேயன்றி, உறுதியைக் குறிப்பதன்று. மலிவுக் கோலைவிட்டு நடுத்தரக் கோலுக்குச் செல்கையில் கிடைக்கும் மெய்யான ஆதாயம் மூன்று: பாரம் குறைதல், நூல் செல்லும் வளையங்கள் தேயாதிருத்தல், றீல் ஆடாமல் பொருந்துதல். அதற்கும் மேலே கொடுக்கும் பணத்திற் பெரும்பகுதி பெயருக்கும் பளபளப்புக்குமே போகும்.

கடையிலே செய்யவேண்டிய சோதனை

வீட்டிலுள்ள றீலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதனைக் கோலிற் பூட்டி, பிடிக்கும் இடத்திலே ஒரு விரலால் தாங்கிப் பாருங்கள். நுனி கீழே தொங்கினால் ஒருநாட் பொழுதில் மணிக்கட்டு வலிக்கும். 

கோலை ஒரு கண்ணால் நேரே நோக்கி, வளையங்கள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பாருங்கள். சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தினுள்ளும் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே கீறல் உண்டு. அக்கீறல் நூலை அறுக்கும். 

இரு துண்டாகப் பிரியும் கோலில் பொருத்து ஆடாதிருக்க வேண்டும். ஒரே துண்டான கோல் பார்வைக்கு அழகு. ஆனால் சனநெரிசல் மிக்க பேருந்தில் ஏழடிக் கோலை எங்கே வைப்பது? மலைநாட்டவருக்கு இரண்டு துண்டுக் கோலே ஏற்றது.

வாங்கத்தான் வேண்டுமா?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கோலின் விலையை ரூபாவாக எண்ணாமல், வீட்டிலே அம்மாவோ அக்காவோ கொழுந்து பறித்த நாட்களாக எண்ணிப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். ஆற்றிலே நூலைப் போடுபவருக்கு இப்பழமொழி இருமடங்கு பொருந்தும்.

ஆகவே முதலில் குறை எங்கே உள்ளதென ஆராயுங்கள். மீன் கடித்தும் கழன்று போகிறதா? முள் மழுங்கியிருக்கலாம். நூல் அடிக்கடி அறுகிறதா? வெயிலில் நைந்த தங்கூசியை மாற்றினால் போதும். எறிந்த நூல் தூரம் செல்லவில்லையா? றீலைத் துப்புரவாக்கி எண்ணெயிட்டுப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு சொற்பமே. இவை யாவும் செய்தபின்னும், வளையங்கள் தேய்ந்தோ, நுனி முறிந்தோ, கை சோர்ந்தோ இடர்ப்படுமிடத்து மாத்திரம் புதிய கோலை நாடுங்கள்.

உலகிலே மிகப்பெரிய பாஸ் மீன் எக்கோலில் அகப்பட்டது தெரியுமா? 1932ஆம் ஆண்டு யூன் 2ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், ஜோர்ஜ் பெரி என்னும் இருபது வயது ஏழை விவசாய இளைஞன் 22 இறாத்தல் 4 அவுன்சு நிறையுள்ள மீனைப் பிடித்தான். அவனும் அவன் நண்பனும் ஒரே கோலை மாறி மாறிப் பயன்படுத்தினர் என்பர். அம்மீன் அவன் வீட்டில் உணவாயிற்று. 2009ஆம் ஆண்டில் யப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட மற்றொரு மீன் அச்சாதனையைச் சமப்படுத்தியதேயன்றி முறியடிக்கவில்லை. விலையுயர்ந்த கோல்கள் எத்தனையோ வந்தபின்னும் நிலைமை இதுவே.

ஓர் எச்சரிக்கை

இறுதியாகப் பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூங்கிலையும் கண்ணாடிநாரையும் போலன்றி, காபன் மின்சாரத்தைக் கடத்தும். லக்சபான மின்நிலையங்களைச் சூழ்ந்த இம்மலைகளில் உயரழுத்த மின்கம்பிகள் பல இடங்களில் கரைகளுக்கு மேலாகச் செல்கின்றன. கம்பியின் கீழே நீண்ட காபன் கோலை உயர்த்துவது உயிருக்கு ஆபத்து. மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. முதல் இடி கேட்டவுடனே கோலைக் கீழே வைத்துக் கரையைவிட்டு அகலவேண்டும். நீர்த்தேக்கங்களின் கரை சில இடங்களில் திடீரென ஆழமாகும். சேறு காலை வாரிவிடும். சிறுவர்களைத் தனியே அனுப்பலாகாது. அணைக்கட்டுகளை அண்டிய தடைசெய்யப்பட்ட இடங்களிலும், 1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும் அனுமதியின்றித் தூண்டில் போடலாகாது.

வாங்கிய கோலை அடுப்படிப் பரணில் செருகிவைக்காதீர்கள். வெப்பமும் புகையும் அதன் பசையைக் கெடுக்கும். ஈரத்தைத் துடைத்து, இரு துண்டுகளையும் பிரித்து, சுவரிலே கிடையாகத் தொங்கவிடுங்கள். மீனறிந்து, நீரறிந்து, வீட்டின் வரவறிந்து தெரிந்த கோல், இவ்வாறு பேணப்படுமாயின் பல்லாண்டு உழைக்கும். தம்பிக்கு அண்ணன் கொடுக்கக்கூடிய பொருளாகவும் அது விளங்கும்.