கலங்கல் கடலில் கேமரா: அன்றும் இன்றும்

எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையுள்ள கடலில் இறங்கி, சுற்றுலா விளம்பரங்களில் வரும் நீலத்தைத் தேடினால் கிடைக்காது. அலை கிளப்பும் வண்டல், கொசஸ்தலையாறும் ஆரணியாறும் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் எல்லாம் சேர்ந்து, நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாத நாட்கள் உண்டு. பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்கள் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ பையைக் கட்டுவது அதனால்தான்.

ஆனால் நீருக்கடியில் படம் எடுக்க வேண்டிய தேவை அதிகம் இருப்பது இந்தக் கலங்கல் தண்ணீரில்தான். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், மீஞ்சூரின் கடல்நீர்க் குடிநீர் ஆலை, வடசென்னை அனல்மின் நிலையம் என்று கடலை நம்பி நிற்பவை இங்கே வரிசையாக இருக்கின்றன. கப்பலின் அடியில் கொட்டலசு எவ்வளவு ஏறியிருக்கிறது, ப்ரொப்பெல்லரில் அடிபட்டிருக்கிறதா, ஜெட்டியின் தூண் துருப்பிடித்திருக்கிறதா என்று இப்படிப்பட்ட இடங்களில் யாராவது இறங்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

முன்பு டைவர் இறங்கிக் கையால் தடவிப் பார்ப்பார். மேலே வந்து வாயால் சொல்வார். அதைக் கேட்டு இன்ஜினியர் தாளில் வரைந்துகொள்வார். டைவரின் விரல்தான் கேமரா, அவர் சொல்வதுதான் ரிப்போர்ட். இன்று ஹெல்மெட்டில் கேமரா இருக்கிறது. கேபிள் வழியாகப் படம் படகிலுள்ள திரைக்கு வருகிறது. “இன்னும் கொஞ்சம் இடது பக்கம், அந்த வெல்டிங்கைக் காட்டுங்க” என்று மேலேயிருந்து பேச முடிகிறது. கப்பலை உலர் துறையில் ஏற்றாமல் தண்ணீரிலேயே சர்வே செய்ய வேண்டுமென்றால், இந்த நேரடிப் படமும் இருவழிப் பேச்சும் இருந்தால்தான் கப்பல் தரச்சான்று நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன.

கலங்கலில் கேமரா என்ன பார்க்கும் என்று கேட்கலாம். அதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. லென்ஸுக்கு முன்னால் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதில் நல்ல தண்ணீரை நிரப்பிக்கொள்வார்கள். பெட்டியின் மறுமுகத்தை இரும்பின்மேல் அழுத்தி வைத்தால், லென்ஸுக்கும் இரும்புக்கும் நடுவே கலங்கல் இல்லை. வெல்டிங்கின் விரிசல் பளிச்சென்று விழும். விலை உயர்ந்த சென்சாரால் ஆகாததை ஒரு குடம் நல்ல தண்ணீர் செய்துவிடுகிறது.

நீரடிக் கேமராவின் கதையில் 1893 ஒரு முக்கிய ஆண்டு. பிரான்சின் பான்யூல்ஸ் கடலில் லூயி பூட்டான் கனமான பெட்டிக் கேமராவை இறக்கிப் படமெடுத்தார். கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக பெல்ஜியத்தின் ழான் டி வௌட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ கேமராவை நிக்கான் நிறுவனம் 1963-இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. தனி உறை தேவையில்லை. கேமராவே தண்ணீரைத் தாங்கும். ஆனால் லென்ஸ் பார்ப்பதை நம் கண் பார்க்க முடியாது, தூரத்தைக் கண்ணளவில் கணித்துத் திருப்ப வேண்டும். ரோலில் 36 படம். தண்ணீருக்குள் ரோல் மாற்ற முடியாது. எது தேறியது என்பது கழுவிய பிறகுதான் தெரியும். 36-இல் இரண்டு நன்றாக வந்தால் அது நல்ல நாள்.

2001-இல் நிக்கோனோஸ் நின்றது. இன்று உறையே இல்லாமல் 10 மீட்டர் ஆழம் தாங்கும் கோப்ரோவும், 15 மீட்டர் தாங்கும் ஒலிம்பஸ் தொடங்கிய டிஜி வகைகளும் சட்டைப் பைக்குள் அடங்குகின்றன. அதற்கு மேல் போக நினைப்பவர் மிரர்லெஸ் கேமராவும் அலுமினிய ஹவுசிங்கும் வாங்குகிறார். பல நேரம் கேமராவைவிட ஹவுசிங்கின் விலை அதிகம். அதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை: அலுமினியக் கட்டியை சிஎன்சியில் கடைந்து, அனோடைஸ் செய்து, பட்டன்களுக்குத் துளையிட்ட பெட்டி. இதைவிடச் சிக்கலான பாகங்கள் அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பட்டறைகளில் தினமும் இறங்குகின்றன. ஹவுசிங் மட்டும் ஹாங்காங்கிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருவது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அந்தப் பெட்டியின் உயிர் ஓ-ரிங்கில் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலேயுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அந்த ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் பருக்கையோ ஒட்டியிருந்தாலே தண்ணீர் உள்ளே வந்துவிடலாம். வளையத்தைக் கழற்றி, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்து, அரிசியளவு சிலிகான் கிரீஸ் பூசி, மறுபடி பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். முன்பு அதன்பிறகு சாமியைக் கும்பிட்டு இறங்குவார்கள். இப்போது சின்ன பம்பால் உள்காற்றை உறிஞ்சிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அழுத்தம் மாறாமல் பச்சை விளக்கு எரிந்தால் கசிவு இல்லை.

மாறாதது தண்ணீரின் குணம். முதல் சில மீட்டரிலேயே சிவப்பை அது விழுங்கிவிடும். செந்நிற மீன் 15 மீட்டரில் சாம்பலாகத் தெரிவது கேமராவின் குற்றமல்ல. நிறத்தை மீட்க ஸ்ட்ரோப் என்னும் நீரடி ஃப்ளாஷின் வெளிச்சம் வேண்டும். அதுவும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் இருப்பதைத்தான் சரியாக எட்டும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ரோபை வைத்தால், மார்கழிப் பனியில் ஜிஎன்டி சாலையில் ஹைபீம் போட்ட லாரியின் கதிதான்: முன்னால் மிதக்கும் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிறையும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கைகளை அகல நீட்டிப் பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும்.

ஆளே இறங்கத் தேவையில்லாத கருவிகளும் வந்துவிட்டன. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்து 2015-இல் தொடங்கிய பிளானிஸ் நிறுவனம் துறைமுகங்களையும் அணைகளையும் ஆராயும் நீரடி ரோபோக்களைச் செய்கிறது. கேமராவோடு சோனாரும் சேர்ந்தால் ஒளி போகாத கலங்கலில் ஒலி பார்த்துச் சொல்லும்.

ஆகவே இந்த வருஷம் போனஸ் பணத்தில் நீரடிக் கேமராவை உயர்த்த நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். இருக்கிற கேமராவுக்கு ஹவுசிங் கிடைக்குமானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல ஸ்ட்ரோப் ஒன்று, அடுத்து கிட்டப்போய் எடுக்க அகல லென்ஸோ மேக்ரோவோ, கடைசியாகத்தான் புது பாடி. கேமராவே இல்லாமல், அடிமணலைக் கிளப்பாமல் மிதக்க வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.