பற்று எது, வரவு எது? பி.காம். முதல் செமஸ்டருக்கு ஒரு எக்ஸெல் பைல்

கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் திருச்சியின் கம்ப்யூட்டர் கடைகளிலும் கூட்டம் சேர்ந்துவிடும். பி.காம். சேர்ந்த பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதில் டேலி போட்டுத் தருவீர்களா சார்?" என்பதுதான். நான் ஸ்ரீரங்கத்தில் மாலை நேரங்களில் கம்ப்யூட்டரும் கணக்குப்பதிவியலும் சொல்லித் தருபவன். டேலி அப்புறம் இருக்கட்டும், முதல் மாதத்துக்கு எக்ஸெல் போதும் என்பதே என் பதில். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

மலைக்கோட்டைக்கு அருகில் இருக்கும் செயின்ட் ஜோசப் கல்லூரி 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883ல் திருச்சிக்கு இடம் மாறி வந்தது. அதுவும், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, நேஷனல், ஹோலி கிராஸ் போன்ற மற்ற கல்லூரிகளும் 1982ல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துத் தேர்வும் நடத்தும், பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. எனவே கல்லூரிக்குக் கல்லூரி பாடம் சற்று மாறலாம். ஆனால் நிதிநிலைக் கணக்கியலின் அஸ்திவாரம் எங்கும் ஒன்றுதான். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் என்ற வரிசையில் அது போகும்.

பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு இது பழகிய பாதை. அறிவியல் பிரிவிலிருந்து வருகிறவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். இந்த ஒரு பேப்பரில் அரியர் விழுந்தால் தொல்லை அதோடு நிற்பதில்லை. பின்னால் வரும் நிறுமக் கணக்கியலுக்கும் இதுவே அடிப்படை.

வரவு என்றால் வரவு இல்லையா?

தமிழில் படிக்கும் மாணவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வீட்டு வரவு செலவு நோட்டில் பணம் வந்தால் 'வரவு' என்று எழுதுகிறோம். கல்லூரிக்குப் போனால், ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் 'பற்று' எழுது என்கிறார் பேராசிரியர். டெபிட் என்பது பற்று, க்ரெடிட் என்பது வரவு. ஆங்கிலத்தில் படிப்பவர் புரியாத இரண்டு சொற்களைப் புதிதாகக் கற்கிறார். நமக்கோ புரிந்த சொல்லே எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

தெருமுனை மளிகைக் கடையின் கடன் நோட்டை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அரிசி வாங்கினால் உங்கள் பெயரில் 'பற்று' எழுதுகிறார் கடைக்காரர். மாதம் பிறந்து பணம் கொடுத்தால் 'வரவு வைத்தாச்சு' என்கிறார். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை என்று பாடப் புத்தகம் ஆள்சார் கணக்குக்குச் சொல்லும் விதி இதேதான்! நீங்கள் பணத்தைத் தருபவர், அதனால் உங்கள் பெயருக்கு வரவு. அந்தப் பணம் வந்து சேரும் கல்லாவும் ஒரு கணக்கு. அது பெறும் பக்கம், அதனால் அதற்குப் பற்று. ஒரே நடவடிக்கை, இரண்டு இடத்தில் பதிவு. இரட்டைப் பதிவு முறை என்பது இதுதான். வெனிஸ் வணிகர்கள் கைக்கொண்டிருந்த இந்த முறையை 1494ல் அச்சான தன் கணித நூலில் விளக்கி எழுதினார் லூக்கா பாச்சோலி என்ற துறவி. அவர் இதைக் கண்டுபிடித்தவர் இல்லை. ஊரில் நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தவர்.

பற்றா வரவா என்று கேட்கும் முன், யாருடைய புத்தகம், அதில் எந்தக் கணக்கு என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

என்னிடம் வந்த ஒரு மாணவி, மூன்று மாத டேலி கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு ஒரு ஜவுளிக் கடைக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தார். முதலாளி வங்கி பாஸ்புக்கை நீட்டி, "நாங்க பணம் கட்டினது இதில் வரவுன்னு இருக்கு. டேலியில் பேங்க் பற்றுன்னு காட்டுது. எதும்மா தப்பு?" என்று கேட்டிருக்கிறார். எஃப்4 அழுத்தினால் கான்ட்ரா, எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசீட் என்று கடகடவென ஒப்பிக்கத் தெரிந்த பெண்ணுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. இரண்டுமே சரி என்பதுதான் பதில். பாஸ்புக் வங்கியின் புத்தகத்திலிருந்து எடுத்த நகல். அதில் கடை பணம் தருபவர், வங்கி திருப்பித் தரவேண்டியது. ஆகவே கடையின் கணக்குக்கு வரவு. கடையின் புத்தகத்தில் வங்கி பணத்தைப் பெறுபவர், ஆகவே பற்று. வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

எக்ஸெல்லில் செய்து பார்ப்போம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். மெனு பெயர்கள் சற்று மாறும், அவ்வளவுதான். எக்ஸெல்லுக்கு முன்னோடியான விசிகால்க் 1979ல் வெளிவந்தது. அதற்கான யோசனை, ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு உதித்தது. ஒரு எண்ணை மாற்றினால் அட்டவணையில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்த எரிச்சல்தான் மூலகாரணம்.

புதிய பைல் ஒன்றைத் திறந்து, முதல் ஷீட்டுக்கு 'குறிப்பேடு' என்றும் இரண்டாவதற்கு 'இருப்பாய்வு' என்றும் பெயர் கொடுங்கள். ஷீட் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்தால் பெயரை மாற்றலாம். குறிப்பேட்டின் முதல் வரியில் ஏ முதல் டி வரை தேதி, பற்று வைக்கும் கணக்கு, வரவு வைக்கும் கணக்கு, தொகை என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். இருப்பாய்வு ஷீட்டின் ஏ2 செல்லில் தொடங்கிக் கீழே ரொக்கம், முதல், கொள்முதல், விற்பனை, குமார், வாடகை என்று கணக்குகளின் பெயர்களை எழுதுங்கள்.

சின்னக் கடை வீதியில் ரவி என்பவர் ஒரு நோட்டுப் புத்தகக் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1ஆம் தேதி ரூ.50,000 முதல் போடுகிறார்: ரொக்கம் பற்று, முதல் வரவு. 2ஆம் தேதி ரூ.20,000க்கு ரொக்கத்துக்குச் சரக்கு வாங்குகிறார்: கொள்முதல் பற்று, ரொக்கம் வரவு. 5ஆம் தேதி குமாருக்குக் கடனாக ரூ.8,000க்கு விற்கிறார்: குமார் பற்று, விற்பனை வரவு. 10ஆம் தேதி குமார் ரூ.5,000 தருகிறார்: ரொக்கம் பற்று, குமார் வரவு. 30ஆம் தேதி வாடகை ரூ.3,000: வாடகை பற்று, ரொக்கம் வரவு. ஐந்து நடவடிக்கைகள், ஐந்து வரிகள்.

இனி இருப்பாய்வு ஷீட்டின் பி2 செல்லில் கிளிக் செய்து, பார்முலா பட்டையின் அருகில் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்தி, சம்இஃப் என்ற பங்ஷனைத் தேர்வு செய்யுங்கள். மூன்று பெட்டிகள் தோன்றும். ரேஞ்ச் பெட்டியில் கர்சரை வைத்து, குறிப்பேடு ஷீட்டுக்குப் போய் பி என்ற தலைப்பெழுத்தைக் கிளிக் செய்யுங்கள். கிரைட்டீரியா பெட்டிக்கு, இருப்பாய்வின் ஏ2 செல். சம் ரேஞ்ச் பெட்டிக்கு, குறிப்பேட்டின் டி. ஓகே கொடுத்தால் ரொக்கக் கணக்கின் மொத்தப் பற்றுத் தொகை வந்துவிடும். சி2 செல்லிலும் இதையே செய்யுங்கள். ரேஞ்ச் மட்டும் குறிப்பேட்டின் சி. பி2வை அப்படியே பக்கத்தில் காப்பி செய்யாதீர்கள், செல் முகவரிகள் நகர்ந்துவிடும். டி2வில் பி2 கழித்தல் சி2. மூன்று செல்களையும் சேர்த்துத் தேர்வு செய்து கீழே இழுத்து விடுங்கள்.

டி நெடுவரிசையில் ரொக்கம் 32,000, கொள்முதல் 20,000, குமார் 3,000, வாடகை 3,000 என்று வரும், கூட்டினால் 58,000. முதல் 50,000, விற்பனை 8,000 இரண்டும் மைனஸ் குறியோடு நிற்கும். அவை வரவு இருப்புகள். டி முழுவதையும் கூட்டினால் பூஜ்யம். பேரேடும் இருப்பாய்வும் உங்கள் கண் முன்னால் உருவாகிவிட்டன.

பூஜ்யம் வரவில்லையா? பெரும்பாலும் 'ரொக்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டியிருப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு அது வேறு பெயர். இதைத் தவிர்க்க, குறிப்பேட்டின் பி, சி இரண்டிலும் எழுத வேண்டிய செல்களைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், லிஸ்ட் என்பதைத் தேர்வு செய்து, இருப்பாய்வில் உள்ள கணக்குப் பெயர்களைக் காட்டிவிடுங்கள். பிறகு பெயரை டைப் செய்யத் தேவையில்லை, பட்டியலில் இருந்து எடுக்கலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

12ஆம் தேதி ரவி கடைக்கு ரூ.4,000 கொடுத்து ஒரு மேசை வாங்குகிறார். இதை 'கொள்முதல் பற்று' என்று எழுதிப் பாருங்கள். டி நெடுவரிசையில் அதே பூஜ்யம், எந்த எச்சரிக்கையும் இல்லை. ஆனால் கணக்கு தவறு. மேசை விற்பதற்கு வாங்கிய சரக்கு இல்லை, அது கடையின் சொத்து. இப்படி எழுதினால் ரவியின் இலாபம் ரூ.4,000 குறைவாகக் காட்டும். பாடத்தில் இதற்கு விதிப்பிழை என்று பெயர். குமாருக்கு விற்றதை எழுதவே மறந்தாலும் இருப்பாய்வு சமமாகத்தான் இருக்கும், அது விடுபிழை. இந்த இடத்தில் டேலியும் எக்ஸெல்லும் ஒன்றுதான். இரண்டும் கூட்டிக் கழிக்குமே தவிர, எந்தக் கணக்கு என்று தீர்மானிப்பது நாம். அந்தத் தீர்மானத்துக்குத்தான் தேர்வில் மார்க், கடையில் சம்பளம்.

டேலியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1986ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் சாப்ட்வேர் அது. கடை வீதியில் வேலைக்குப் போக வேண்டுமானால் அது கட்டாயம் தெரிய வேண்டும். லைசென்ஸ் வாங்காமலே கல்விப் பயன்பாட்டு முறையில் பழகலாம். மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய விடும், பயிற்சிக்கு அது தாராளம். எக்ஸெல்லில் இருபது நடவடிக்கைகளைக் கையால் எழுதியவருக்கு டேலி ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

கல்லூரித் தேர்வு பேப்பரில்தான் என்பதால் இன்னொரு குறிப்பு. கையால் போடும் இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் அதை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், 5,400ஐ 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கணக்குப்பதிவியல் படிக்காமல் பி.காம். வந்தவர்கள் தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோடு செய்து முதல் சில பாடங்களைப் படித்துவிடுங்கள்.

பைலைச் சேமிக்கும் முன் அந்த மேசைப் பதிவைச் சரிசெய்யுங்கள். கணக்குப் பட்டியலின் கீழே அறைகலன், தேய்மானம் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்து, பார்முலாக்களையும் கீழே இழுங்கள். வேலிடேஷன் பட்டியலிலும் இந்த இரண்டு பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். பிறகு குறிப்பேட்டில் கொள்முதலுக்குப் பதில் அறைகலன். மார்ச் 31ஆம் தேதியிட்டு, முழு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று ரூ.400க்குத் தேய்மானம் பற்று, அறைகலன் வரவு. அறைகலன் 3,600 என்றும் ரொக்கம் 28,000 என்றும் காட்டினால் உங்கள் பைல் சரியாக இருக்கிறது.