பாஸ்தா வடித்த கஞ்சி

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். வீடு வந்து சேர இரவு எட்டு மணியாகிவிடும். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாரத்தில் ஒரு நாள் க்ரீம் சிக்கன் பாஸ்தா செய்கிறாராம். அதில் அவருக்கு இரண்டு சந்தேகங்கள். பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது. ஒன்பது நிமிடம் கழித்து எடுத்துக் கடித்தால் நடுவில் வேகாத மாவு பல்லில் படுகிறது. சென்னையில் அம்மா வீட்டில் அதே பாக்கெட் அதே நேரத்தில் சரியாக வெந்ததே, இங்கே ஏன் வேகவில்லை? அடுத்தது, சாஸ் ஒரு நாள் வழவழவென்று வருகிறது, இன்னொரு நாள் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கிறது. எதனால்?

முதல் கேள்விக்கான விடை பெங்களூரின் உயரத்தில் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதிநிலையைத் தொட்டுவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் பெங்களூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவியாவது மட்டும்தான் வேகமாகும். பாக்கெட்டில் அச்சிட்ட நேரம் கடல் மட்டத்துக்கானது. ஆகவே பெங்களூரில் ஓரிரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிட ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பது நல்லது. குக்கரில் போட்டு இந்தக் குறையைச் சரிக்கட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். பாஸ்தாவிலிருந்து கிளம்பும் நுரை விசில் துளையை அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிரியமானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் பாஸ்தா எதனால் ஆனது என்று பார்த்துவிட வேண்டும்.

நல்ல பாஸ்தா டியூரம் என்னும் கோதுமையின் ரவையால் ஆனது. சப்பாத்திக்கு நாம் அரைக்கும் கோதுமை வேறு, இது வேறு. சப்பாத்திக் கோதுமையின் செல்லில் 42 குரோமோசோம்கள், டியூரத்தில் 28. டியூரத்தின் மணி கண்ணாடிபோலக் கெட்டியாக இருக்கும். ஆலையில் போட்டால் மாவாக நொறுங்காமல் மஞ்சள் ரவையாக உடையும். அதில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒரு வலைபோலப் பின்னிக்கொண்டு மாவுச்சத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால்தான் வெந்த பிறகும் பாஸ்தா குழையாமல் நிற்கிறது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

இது ஏதோ இத்தாலியிலிருந்து வந்த அதிசயத் தானியம் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரு மளிகைக்கடையில் பன்சி ரவை கேட்டால் தருவார்களே, உப்பிட்டும் கேசரிபாத்தும் செய்ய, அது டியூரம் கோதுமையின் ரவைதான். வடகர்நாடகத்தில் விஜயபுரா, பாகல்கோட்டை, தார்வாடு பக்கத்துக் கரிசல் மண்ணில் மழை ஈரத்தை மட்டும் நம்பி நெடுங்காலமாக இது விளைகிறது. அதன் நெருங்கிய உறவான, நாம் சம்பா கோதுமை என்றும் கன்னடத்தில் ஜவே கோதி என்றும் சொல்லும் இனமும் அங்கே உண்டு. அந்தப் பக்கத்து வீடுகளில் சேமியா திரிக்க இந்தக் கோதுமைகளைத்தான் தேடுவார்கள். தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் இரண்டிலும் புதிய ரகங்களை உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் இந்தியாவில் விளையும் கோதுமையில் சுமார் 95 சதவீதம் சப்பாத்திக் கோதுமை. டியூரம் நான்கு சதவீதம், சம்பா ஒரே ஒரு சதவீதம். கர்நாடகத்துக் கரிசலில் விளைந்த கோதுமையில் செய்த பாஸ்தா பெங்களூரு கடைகளில் வரிசையாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மைதாவில் செய்த மக்ரோனியைத்தான் மலிவு விலையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் டியூரம் ரவை என்று இருந்தால் எடுங்கள்.

இனி கஞ்சிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் சோறு வடித்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலை கொதித்து, பருக்கை பதமானதும், தட்டால் மூடிப் பானையைச் சாய்த்து வைப்பார் அம்மா. கீழே வடியும் கஞ்சி வீணாகாது. உப்புப் போட்டு எங்களுக்கு ஒரு தம்ளர், மாட்டுக்குக் கொஞ்சம், பருத்திச் சேலைக்குக் கொஞ்சம். பாஸ்தா வெந்த தண்ணீரும் அதே வகைக் கஞ்சிதான். குளூட்டன் வலை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சி உப்பி, அதன் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். தண்ணீர் கலங்கலாவது அதனால்தான். அந்தத் தண்ணீரைச் சல்லடையில் கொட்டி, பாஸ்தாவைக் குழாயடியில் காட்டி அலசிவிட்டு, பிறகு சாஸ் ஏன் ஒட்டவில்லை, ஏன் திரிந்தது என்று கவலைப்படுகிறோம். சாஸைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய பொருள் சாக்கடையில் போய்விட்டதே!

சாஸ் திரிவது எப்படி? க்ரீம், சீஸ் இரண்டிலும் கொழுப்புத் துளிகள், நீர், பால் புரதம் மூன்றும் கலந்திருக்கின்றன. சூடு ஏறினால், அல்லது எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்பு சேர்ந்தால், புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டி சுருங்கும்போது நீரும் கொழுப்பும் வெளியே தள்ளப்படும். நம் வாசகி பார்த்த எண்ணெய் அதுதான். கொழுப்பு நிறைந்த கெட்டி க்ரீம் ஓரளவு தாங்கும், ஏனென்றால் அதில் புரதம் குறைவு. நம் கடைகளில் பெட்டியில் கிடைக்கும் க்ரீம் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு உடையது, அவ்வளவு தாங்காது. சீஸ் இன்னும் மோசம். இங்கேதான் கஞ்சி உதவிக்கு வருகிறது. மாவுச்சத்து கரைந்த நீர் கொழகொழப்பாக இருப்பதால் புரதங்களும் கொழுப்புத் துளிகளும் எளிதில் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள முடிவதில்லை. சாஸ் நிலைத்து நிற்கிறது.

இதை விளையாட்டாக நினைக்காமல் இயற்பியலாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். ரோம் நகரத்தில் சீஸும் மிளகும் மட்டும் சேர்த்துச் செய்யும் காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தா உண்டு. சாஸ் கட்டி தட்டுவதில் பேர்போனது அது. இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் சிலர் சேர்ந்து சீஸ், நீர், மாவுச்சத்து மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து, மெல்லச் சூடேற்றி, எப்போது திரிகிறது என்று வரைபடமே போட்டார்கள். 2025-இல் இயற்பியல் இதழ் ஒன்றில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. சீஸின் எடையில் மாவுச்சத்து ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் கட்டி தட்டும், இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் சாஸ் நிற்கும் என்பது முடிவு. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அந்த ஆண்டு இயற்பியலுக்கு இவர்களுக்கே கிடைத்தது.

ஓட்டல்களில் வெள்ளை சாஸ் என்று மைதாவை வெண்ணெயில் வதக்கிப் பால் ஊற்றிச் செய்கிறார்களே, அங்கேயும் மைதாவின் மாவுச்சத்து செய்வது இதே காவல் வேலைதான். பாஸ்தாக் கஞ்சி கையில் இருக்கும்போது மைதா தேவையே இல்லை. சொல்லப்போனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் ஆல்ஃப்ரெடோ டி லேலியோ தன் பெயரில் புகழ்பெற்ற பாஸ்தாவைச் செய்தபோது அதில் க்ரீமே கிடையாது. வெண்ணெயும் சீஸும்தான். க்ரீம் சேர்ந்தது அமெரிக்கா போன பிறகு.

கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும் என்றால் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் என்பது இத்தாலிய வழக்கம். அந்தக் கணக்கில் நான்கு பேருக்கு 300 கிராம் வேகவைக்க மூன்று லிட்டர் வேண்டும். அவ்வளவு தேவையா என்ற கேள்வியை உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ 2009-இல் எழுப்பினார். குறைந்த தண்ணீரில், அதுவும் பச்சைத் தண்ணீரிலிருந்தே தொடங்கி வேகவைத்துக் காட்டினார். பாஸ்தா நன்றாகவே வெந்தது, கஞ்சியும் திக்காகக் கிடைத்தது. முதல் சில நிமிடம் மட்டும் விடாமல் கிளறிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் மேற்பரப்பு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டாமலிருக்க எண்ணெய் ஊற்றுவது வீண். எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து சாஸை வழுக்கிவிடும்.

குறைந்த தண்ணீர் போதும் என்பதைப் பெங்களூரில் இருப்பவர்களிடம் சற்று அழுத்தியே சொல்ல நினைக்கிறேன். இந்த நகரத்தின் உயரம் கொதிநிலையைக் குறைப்பதோடு நின்றுவிடவில்லை. 1974-இல் முதல் கட்டத் திட்டம் வந்ததிலிருந்து நகரம் காவிரியைக் குடிக்கிறது. அந்தக் காவிரி கீழே ஓடுகிறது, நகரம் மேலே இருக்கிறது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம், தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடங்களில் மின்சார மோட்டார் வைத்து, மொத்தம் சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். 2024 கோடையில் நிலத்தடி நீர் வற்றி, அடுக்ககங்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி ஏற்பட்டது. வந்தாலும் அது மலையேறி வந்த தண்ணீர். கார் கழுவுகிறவரைக் கண்டிக்கிற நாம், சமையலறையில் மூன்று லிட்டரைக் கொதிக்கவைத்துத் தொட்டியில் கொட்டுவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த மூன்று லிட்டரைச் சூடாக்க எரித்த எரிவாயுவையும் சேர்த்துத்தான் கொட்டுகிறோம். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது மனதை உறுத்துகிறது.

சிக்கனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, கொஞ்சம் அதிகம் வெந்தாலே நார்நாராகிவிடும். எலும்பு நீக்கிய தொடைக்கறி கேட்டு வாங்குங்கள், சற்றுக் கூடுதலாக வெந்தாலும் அது தாங்கும். கறியைக் குழாயடியில் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும். உள்ளே 74 டிகிரி சூடு ஏறினால் கிருமிகள் செத்துவிடும். சிறு துண்டுகளுக்கு அது ஏழெட்டு நிமிட வேலை.

வேலை முடிந்து வந்த இரவில் வரிசை இப்படி இருக்கட்டும். கை கழுவியதும் கறியில் உப்பும் குடகு மிளகுத் தூளும் பிசறி வையுங்கள். அகலமான பாத்திரத்தில் 300 கிராம் பாஸ்தாவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வழக்கமாகப் போடும் உப்பில் பாதி. கஞ்சி சாஸில் சேரப்போகிறது என்பதால் உப்பு கூடக் கூடாது. அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் வாணலியை நன்றாகக் காயவைத்து, கறியை நெருக்காமல் பரப்பி, கிளறாமல் ஒரு பக்கம் சிவக்க விடுங்கள். பிறகு வெண்ணெய், நசுக்கிய பூண்டு. வாணலியின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவைச் சுரண்டி எறிய வேண்டாம், சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு கரண்டி கஞ்சியை ஊற்றினால் அதுவே கரைந்து வரும். தீயைக் குறைத்து க்ரீம் சேர்த்து, முக்கால் பதம் வெந்த பாஸ்தாவை வடித்து இதில் போட்டு, இன்னும் ஒரு தம்ளர் கஞ்சி விட்டுப் புரட்டுங்கள். மீதி வேக்காடு சாஸிலேயே நடக்கும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகுதான் சீஸ். எலுமிச்சை பிழிவதானால் தட்டில் பரிமாறிய பிறகு.

அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீந்த கஞ்சியைக் கொட்ட வேண்டாம். ஒரு பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காலையில் சப்பாத்தி மாவு பிசையலாம். மீந்த பாஸ்தாவை மறுநாள் சூடாக்கும்போதும் அதில் இரண்டு கரண்டி விடுங்கள், இறுகிய சாஸ் இளகி வரும்.