நன்றி கூறும் விருந்து மேசை

செய்ந்நன்றி மறவாமை மக்கட்பண்பின் முதற்படியாகும். விளைவு வீடு வந்து சேர்ந்ததும், அதனை அளித்த ஆற்றலை வணங்கி, உற்றாரோடு உண்டு மகிழ்தல் பல நாட்டார்க்கும் பொதுவான வழக்கம். நாம் தைத்திங்கள் முதல் நாளிற் கதிரவனுக்குப் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றோம். ஐக்கிய அமெரிக்க மக்கள் இலையுதிர்காலத்தில், நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையன்று, நன்றியறிதல் நாளைக் கொண்டாடுகின்றனர். அவர்தம் விருந்து மேசையைச் சிறிது நோக்குவோம்.

விழாவின் வரலாறு

1620ஆம் ஆண்டில் மேபிளவர் என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து பிளிமத் சென்று குடியேறிய 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மடிந்தனர். எஞ்சியோருக்குச் சோளம் பயிரிடக் கற்பித்தவர் திஸ்குவான்ரம் என்னும் ஆதிக்குடியினர். 1621இல் விளைவு கண்டபின் நிகழ்ந்த மூன்று நாள் விருந்தில், வம்பனோவாக் குடித்தலைவர் மசசோயிற் ஏறத்தாழ 90 ஆடவருடன் கலந்துகொண்டார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர்.

பிற்காலத்தில், பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியையான சாரா ஜோசபா ஹேல் அம்மையார் இதனை நாட்டுக்குரிய விழாவாக்குமாறு பல்லாண்டுகள் வற்புறுத்தி எழுதினார். 1863இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவ்வாறே அறிவித்தார். இன்றுள்ள நாள் 1941ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதியாயிற்று.

மேசையின் அழகு

மேசையை அணிசெய்யப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வெள்ளை விரிப்பின் நடுவே சிவந்தும் பழுத்தும் உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பரப்புவர். அவற்றின்மேல் சிறு பூசணிக்காய்களையும், பன்னிறச் சோளப் பொத்திகளையும், கோதுமைக் கதிர்களையும் வைப்பர். கொம்பு வடிவக் கூடையிலிருந்து கனிகள் சரிந்து விழுவதுபோல் அமைப்பதும் உண்டு. எதிரிருப்போர் முகத்தை மறைக்காத அளவுக்கு மெழுகுவர்த்திகள் குட்டையாயிருத்தல் நன்று.

உணவும் ஆயத்தமும்

விருந்தின் தலைமை வான்கோழிக்கே உரியது. பாண், வெங்காயம், செலறி, மணமூட்டும் தழைகள் ஆகியன சேர்ந்த கலவை அதற்குத் துணையாகும். மசித்த உருளைக்கிழங்கு, வற்றாளங்கிழங்கு, சீனியிட்டுக் காய்ச்சிய கிரான்பெரி என்னும் புளிப்புக் கனி ஆகியவை தொடரும். ஈற்றில் மாக்கூட்டில் வேகவைத்த பூசணிப் பணியாரம் வரும். அதில் இடும் கறுவா, கராம்பு, இஞ்சி, சாதிக்காய் ஆகியவற்றின் மணம் நமக்குப் புதிதன்று.

ஆளுக்கு ஓர் இறாத்தல் என்பது இல்லத்தரசியர் கணக்கு. உறைந்த பறவையாயின், ஒவ்வொரு நான்கைந்து இறாத்தலுக்கும் ஒருநாள் வீதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இளகச் செய்தல் வேண்டும். ஆகவே பதினைந்து இறாத்தற் பறவைக்கு மூன்று நாட்களுக்குமேற் செல்லும். பணியாரத்தை முன்னாளிலேயே முடித்து, விழாவன்று போறணையைப் பறவைக்கென ஒதுக்குவர். இறைச்சியின் உள்வெப்பம் 165 பாகை பரனைற்றை எட்டினாலன்றி அது உண்ணத் தகுந்ததன்று.

நன்றி யாருக்கு?

வான்கோழி, சோளம், பூசணி, இருவகைக் கிழங்கு, கிரான்பெரி ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அவற்றைப் பேணியும் பயன்படுத்தியும் உலகுக்கு அளித்தோர் ஆங்குள்ள ஆதிக்குடிகள். அவர்கள் பெற்ற கைம்மாறு யாது? 1675இல் மசசோயிற்றின் மைந்தர் மெற்றாக்கொமுக்கும் குடியேறிகளுக்குமிடையே கொடும்போர் மூண்டது. அடுத்த ஆண்டில் அவர் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்திற் கழியில் ஏற்றப்பட்டது. 1970 முதல், இதே நாளை வம்பனோவாக் மக்களும் பிற ஆதிக்குடியினரும் பிளிமத்தில் துக்க நாளாக அனுட்டிக்கின்றனர். ஒரே நாளில் ஒரு மேசையில் நன்றி, மறுபுறத்தில் நினைவேந்தல்.

இது பிறர் கதையென்று நாம் அமைதி கொள்ளலாகாது. நம் கறிக்கு உறைப்பூட்டும் மிளகாயும், கூழிற் சேரும் மரவள்ளியும் அம்மக்கள் பயிரிட்டு வளர்த்தவையே. ஐரோப்பியர் கப்பல்கள் வழியாக நம்மிடம் வந்தன. நம் சோற்றுக்காக வயலில் உழைத்தோரையோ நாம் எத்தனைமுறை எண்ணிப் பார்த்தோம்?

அடுத்த பொங்கலன்று, தலைவாழையிலையில் உணவு பரிமாறியதும், இல்லத்துச் சிறுவர் ஒருவரை அழைத்து, ஒவ்வொரு பண்டமும் யார் கைவழி வந்ததெனக் கூறச் செய்வோமாக. கொடுத்தோரை அறிந்து கூறும் நன்றியே நிறைவுடைய நன்றியாகும்.